1944–45 மாதிரி மாநாடு: பிரான்ஸ் டீமுக்கு நாலாவது பங்கு வாங்குவது எப்படி?

வண்ணை_வரலாறு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க காலேஜ்ல (வியாசர்பாடி பக்கம்) வரலாற்றுத் துறை ஒரு மாதிரி மாநாடு நடத்துது. தோக்கப்போற ஜெர்மனிய எப்படி ஆக்கிரமிப்பு மண்டலங்களாப் பிரிக்கறதுன்னு நேச நாடுகள் பேசின, லண்டன்ல இருந்த ஐரோப்பிய ஆலோசனைக் குழுதான் களம். காலம் 1944 நவம்பர்ல ஆரம்பிச்சு 1945 ஜூலை வரைக்கும், ஒரு சுற்றுக்கு ஒரு மாசம். அமெரிக்கா, பிரிட்டன், சோவியத், பிரான்ஸ்னு நாலு டீம். சீட்டுக் குலுக்கினதுல எங்களுக்கு பிரான்ஸ்.

ஒவ்வொரு சுற்றுலயும் ஒரு பக்கத்துக்கு எழுத்துக் கோரிக்கை தரணும். மத்த மூணு டீமும் குறுக்குக் கேள்வி கேப்பாங்க: படை எங்க இருக்கு, சோறு யார் போடுறது, எந்த ஊர் எந்த ஊரோட சேருது, இப்படி. "பிரான்ஸ் 1940ல ஆறே வாரத்துல விழுந்த நாடு, எதுக்குப் பங்கு?"ன்னு சோவியத் டீம் இப்பவே கிண்டல் பண்ணிட்டு இருக்கு. நிஜத்துல பிரான்ஸ் எந்த வரிசைல போய் ஜெர்மனில ஒரு மண்டலம் வாங்குச்சு, எங்க சறுக்குச்சுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. பாடப் புத்தகத்துல "யால்டாவில் பிரான்ஸுக்கும் ஒரு மண்டலம் தரப்பட்டது"ன்னு ஒரே வரிதான் இருக்கு.

மணலி_மேப்:

தங்கச்சி, அந்த ஒரு வரிக்குள்ள ரெண்டு தனித்தனிக் கோரிக்கை ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, ஜெர்மனியில் ஒரு நிலத்துண்டு. இன்னொண்ணு, பெர்லினில் முழு ஜெர்மனிக்கும் சேர்த்து முடிவெடுக்கிற கட்டுப்பாட்டுக் கவுன்சிலில் ஒரு நாற்காலி. யால்டாவில் (1945 பிப்ரவரி 4–11) ரூஸ்வெல்ட் முதலில் நிலத்துக்குச் சரி, நாற்காலிக்கு இல்லை என்ற நிலையில்தான் இருந்தார். கடைசி நாட்களில்தான் மனம் மாறினார். உங்கள் டீம் இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், மற்றவர்கள் நிலத்தை மட்டும் கொடுத்துவிட்டு நாற்காலியை அமுக்கிவிடுவார்கள். தனித்தனியாகக் கேளுங்கள். "எங்கள் பேச்சு எடுபடாத கவுன்சிலின் உத்தரவை எங்கள் மண்டலத்தில் நாங்கள் ஏன் நிறைவேற்ற வேண்டும்?" என்பதுதான் இரண்டையும் இணைக்கும் வாதம். நிலம் கிடைத்தபின் இதைச் சொன்னால் எதிர்த்தரப்பிடம் பதில் இருக்காது.

வரிசை இப்படி:

முதலில் அங்கீகாரம். பிரெஞ்சுத் தலைவர் டி கோலின் தற்காலிக அரசை மூன்று வல்லரசுகளும் ஏற்றது 1944 அக்டோபர் 23இல்தான். நார்மண்டியில் படை இறங்கி நாலரை மாதம் கழித்து. அதுவரை பிரான்ஸ் சட்டப்படி ஒரு தரப்பே கிடையாது. அந்த இடைவெளியில் டி கோல் ஆட்கள் செய்த வேலையை உங்கள் டீம் கவனிக்க வேண்டும். விடுவிக்கப்பட்ட ஊர்களை நேச நாட்டு ராணுவ நிர்வாகமே நடத்துவதாக ஒரு திட்டம் இருந்தது. ஜூன் 14இல் டி கோல் பாய்யோ ஊருக்குப் போனார், தன் ஆணையரை அங்கேயே உட்கார வைத்துவிட்டுத் திரும்பினார். அந்த ஆணையர், ஜெர்மனிக்கு அடங்கி நடந்த விஷி அரசு நியமித்த அதிகாரியை மாற்றினார், அலுவலகம் ஓடத் தொடங்கியது. பிறகு மற்ற ஊர்களிலும் இதேதான். காகிதத்தில் அங்கீகாரம் வருவதற்கு முன்னமே நிர்வாகம் கையில் வந்துவிட்டது. ஆகஸ்ட் 25இல் சிவில் நிர்வாகம் பற்றி நேச நாட்டுத் தளபதி ஐசன்ஹோவரும் டி கோலின் ஜெனரல் கோனிக்கும் ஒப்பந்தம் போட்டபோது, ஏற்கெனவே நடப்பதை எழுதி வைத்தார்கள், அவ்வளவே.

அடுத்து ஆலோசனைக் குழு. 1944 தொடக்கத்திலிருந்து அதில் மூன்று பேர்தான்: அமெரிக்காவுக்கு வைனன்ட், பிரிட்டனுக்கு ஸ்ட்ராங், சோவியத்துக்கு குசேவ். பிரான்ஸுக்கு அழைப்பு வந்தது நவம்பர் 11, சர்ச்சில் பாரிஸில் இருந்த நாள். பிரான்ஸ் சார்பில் தூதர் மாசிக்லி நவம்பர் 27இல் போய் உட்கார்ந்தார். இங்கேதான் சிக்கல். மண்டலம் பிரிக்கும் நெறிமுறை செப்டம்பர் 12இலேயே கையெழுத்தாகிவிட்டது, நவம்பர் 14இல் திருத்தமும் ஆகிவிட்டது. எல்லாம் மூன்று பங்காக. உங்கள் ஆட்டம் தொடங்கும்போது தட்டு காலி.

ஆகவே "பங்கு கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "யார் பங்கிலிருந்து?" என்பதற்குப் பதிலோடு போங்கள். யால்டாவில் ஸ்டாலின் தடையை நீக்கியது இதே பதில்தான்: பிரெஞ்சு மண்டலம் பிரிட்டிஷ், அமெரிக்கப் பங்குகளிலிருந்து வெட்டப்படும், சோவியத் மண்டலம் ஒரு அங்குலம் குறையாது. செலவில்லாத சலுகைக்கு ஸ்டாலின் தலையாட்டினார். உங்கள் சோவியத் டீமின் கிண்டலுக்கும் இதுவே மருந்து. 1940ஐப் பற்றி வாதாட வேண்டாம், "உங்களுக்கு ஒன்றும் குறையாது" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

சர்ச்சில் ஏன் தன் பங்கை வெட்டிக் கொடுத்தார்? பாசம் இல்லை. அமெரிக்கப் படைகள் ஐரோப்பாவில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்காது என்று யால்டாவில் ரூஸ்வெல்ட் சொன்னார். அப்படியானால் 1947க்குப் பிறகு ரைன் கரையில் பிரிட்டன் தனியாக நிற்க வேண்டும். பக்கத்தில் ஒரு தரைப்படை தேவை, அந்தப் படைக்கு ஆள் இருக்கும் நாடு பிரான்ஸ் ஒன்றுதான். பிரிட்டன் டீமிடம் பேசும்போது இந்தக் கணக்கை மட்டும் பேசுங்கள்.

பெரம்பூர்_சரக்கு:

மேப் அண்ணன் சொன்னது மேஜை அரசியல். "படை எங்க இருக்கு"ன்னு கேட்டாங்கல்ல, அதுக்கு நான்.

1943 ஜனவரியில் காசபிளாங்கா மாநாட்டில், வட ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுப் படைத் தலைவராக இருந்த ஜெனரல் ஜிரோவுக்கு 11 டிவிஷன் அளவுக்கு அமெரிக்கத் தளவாடம் என்று பேச்சு. கடைசியில் வட ஆப்பிரிக்காவில் உருவானது 8: காலாட்படை 5, கவசப்படை 3. மீதி மூன்றை விழுங்கியது பின்னணிப் பிரிவுகள். 1943 கணக்கில் ஒரு அமெரிக்கக் காலாட்படை டிவிஷனில் 14,253 பேர். ஆனால் அந்த டிவிஷனைக் களத்தில் நிற்க வைக்க டிரக் கம்பெனி, ஆர்டினன்ஸ் பட்டறை, மருத்துவமனை, சிக்னல், பாலம் கட்டுபவர்கள், கிடங்கு எல்லாம் சேர்த்து சுமார் 40,000 பேர் என்பது அமெரிக்கத் திட்டக் கணக்கு. பிரெஞ்சுத் தலைமைக்கு இது கசந்தது. நாட்டின் மானத்தை மீட்பது போரிடும் டிவிஷன்தான், டிரக் ஓட்டுபவன் இல்லை என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்கர்கள் விடவில்லை: பின்னணிப் பிரிவு இல்லாத டிவிஷனுக்கு எங்கள் டிரக்கும் எங்கள் மெக்கானிக்கும்தான் வர வேண்டியிருக்கும், அது முடியாது என்றார்கள். வட ஆப்பிரிக்காவில் டிரைவர், மெக்கானிக், ரேடியோ ஆபரேட்டர், பிட்டர் கிடைப்பது அரிது. ஆட்களைப் பிரித்துப் பார்த்தபோது 11 தேறவில்லை.

மாநாட்டில் இதை மறைக்காதீர்கள். எட்டு டிவிஷன் என்று நேர்மையாக எழுதுங்கள். 1வது பிரெஞ்சுப் படை தெற்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியாக மேலே வந்தது, 1945 பிப்ரவரி 9இல் கொல்மார் பகுதியைத் துடைத்து முடித்தது. அந்தத் தேதியைப் பாருங்கள், யால்டா நடந்துகொண்டிருந்த வாரம். மார்ச் 31இல் ரைனைத் தாண்டியது. அமெரிக்கர் சம்மதிக்காவிட்டாலும் படகு துடுப்பு போட்டாவது தாண்டு என்ற பொருளில் டி கோல் அந்தப் படையின் தளபதி டி லாத்ருக்குத் தந்தி அடித்திருந்தார். பாலத் தளவாடம் போதாமல் கையில் கிடைத்த ரப்பர் படகில்தான் முதல் ஆட்கள் போனார்கள். ஏன் இவ்வளவு அவசரம்? மண்டலம் கிடைக்கும் என்று பிப்ரவரியில் முடிவாகிவிட்டது, எல்லை எது என்று முடிவாகவில்லை. கால் பதித்த இடத்தைத்தான் பிறகு கேட்க முடியும்.

இதற்குள் ஒரு அசிங்கமும் உண்டு, பேசத்தான் வேண்டும். 1944 இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான கறுப்பின ஆப்பிரிக்க வீரர்களைப் படையிலிருந்து விலக்கி, உள்நாட்டு எதிர்ப்பியக்க இளைஞர்களை அந்த இடத்தில் போட்டார்கள். குளிர் தாங்காது என்று காரணம் சொன்னார்கள். புதிதாக வந்தவர்களுக்குத் தனியாகத் தளவாடம் இல்லாததால் ஆப்பிரிக்கர்களின் துப்பாக்கியும் மேல்கோட்டும் அவர்களுக்குப் போயின. எதிர்ப்பியக்கத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படையில் கரைக்கப்பட்டார்கள். ஆயுதப் பயிற்சி, சீருடை, பதவி நிலை எதுவும் ஒத்துப்போகாமல் பல மாதம் தடுமாறினார்கள். "உங்கள் டிவிஷன்களின் தரம் என்ன?" என்று அமெரிக்க டீம் கேட்டால் இந்தப் பக்கம் திறக்கும், தயாராக இருங்கள்.

இனி அழுத்தக் கருவிகள். பிரான்ஸின் தோட்டா, பெட்ரோல் எல்லாம் அமெரிக்கக் கிடங்கிலிருந்து. ஆனால் அமெரிக்கச் சரக்கு ஓடுவது பிரெஞ்சு ரயிலில். 1945 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பர்க்கை விட்டுப் பின்வாங்க ஐசன்ஹோவர் திட்டமிட்டபோது இரண்டும் மோதின. சப்ளையை நிறுத்துவோம் என்றது ஒரு பக்கம், ரயிலை நிறுத்துவோம் என்றது இன்னொரு பக்கம். சர்ச்சிலும் வந்து உட்கார்ந்தார், ஐசன்ஹோவர் திட்டத்தை மாற்றினார், நகரம் தப்பியது.

அதே துணிச்சலை வேறு இரண்டு இடத்தில் காட்டியபோது நடந்ததையும் பாருங்கள். ஏப்ரலில் பிரெஞ்சுப் படை ஸ்டுட்கார்ட்டில் நுழைந்தது, அமெரிக்கர்கள் வெளியேறச் சொன்னார்கள், மண்டலம் முடிவாகும்வரை போகமாட்டேன் என்று டி கோல் பிடித்தார். ஜூலை வரை பிடித்தும் நகரம் அமெரிக்க மண்டலத்துக்கே போனது. இத்தாலி எல்லையில் ஆஓஸ்தா பள்ளத்தாக்கில் இதைவிட மோசம். பிரெஞ்சு ஜெனரல் ஒருவர், வெளியேற்றினால் எதிர்ப்போம் என்ற தொனியில் எழுத்தில் கடிதமே கொடுத்துவிட்டார். ஜூனில் ட்ரூமன் தளவாடமும் தோட்டாவும் நிறுத்தினார், உணவுப் பொருள் மட்டும் தொடர்ந்தது. சில வாரத்தில் படை திரும்பியது.

வித்தியாசம் என்ன? ஸ்ட்ராஸ்பர்க் பிரான்ஸின் சொந்த மண், போர் நடந்துகொண்டிருந்தது, ரயில் தேவைப்பட்டது. ஜெர்மனி சரணடைந்த மே 8க்குப் பிறகு ரயில் மிரட்டலுக்கு மதிப்பே இல்லை. உங்கள் ஆட்டத்தில் மே சுற்றுக்கு முன்பே கறாராகப் பேசி முடித்துவிடுங்கள்.

வண்ணை_வரலாறு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. "பங்கு கொடுங்கள்னு கேக்காதே"ங்கறத சுவத்துல எழுதி ஒட்டிட்டோம். மேப் அண்ணா, எல்லைய எங்க வரையறது? அமெரிக்க டீம்ல ஒருத்தன் பூகோளம் பிச்சு எடுப்பான். அப்புறம் பெர்லின் உள்ளயும் பங்கு வேணும்ல?

மணலி_மேப்:

வரைபடத்தைப் பார்த்தால் பிரெஞ்சு மண்டலம் இடுப்பு ஒடுங்கிய உடுக்கை மாதிரி இருக்கும். வடக்கே ஒரு கட்டி, தெற்கே ஒரு கட்டி. ராஸ்டாட், கார்ல்ஸ்ரூ பக்கம் ரைன் கரையில் இரண்டும் கிட்டத்தட்ட தொட்டும் தொடாமலும். காரணம் ஒரு சாலை. கார்ல்ஸ்ரூ – ஸ்டுட்கார்ட் – உல்ம் நெடுஞ்சாலை தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். பவேரியாவுக்குப் போக அதுதான் வழி. அதனால் சாலை ஓடும் மாவட்டங்கள் எல்லாம் அமெரிக்காவுக்கு, அவற்றுக்குத் தெற்கே உள்ளவை பிரான்ஸுக்கு. நூற்றாண்டுக்கு மேல் ஒரே நிர்வாகமாக இருந்த பாடன் இரண்டாகப் பிளந்தது, வூர்ட்டம்பெர்க்கும் பிளந்தது. தலைநகரங்களான கார்ல்ஸ்ரூவும் ஸ்டுட்கார்ட்டும் வடக்கே மாட்டிக்கொண்டன. பிரான்ஸ் ஃப்ரைபர்கிலும் ட்யூபிங்கனிலும் புதுசாகத் தலைநகரம் அமைத்தது. கோப்பு ஒரு ஊரில், அதிகாரி இன்னொரு ஊரில். மண்டலத் தலைமையகம் பாடன்-பாடன், குண்டு விழாத ஓட்டல்கள் நிறைந்த ஊர், அதிகாரிகள் தங்க வசதி.

வடக்குக் கட்டி இவை: சார், பலாட்டினேட், மைன்ஸ் உள்ள ரைன் இடக்கரை ஹெஸ்ஸே, ரைன் மாகாணத்தின் தெற்குப் பாதியான கோப்லென்ஸ், ட்ரியர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மொன்டபவுரைச் சுற்றி நாலு மாவட்டங்கள். அந்த நாலும் எதற்கு என்று பூகோளப் புலி கேட்பான். ரைனின் வலக்கரையிலும் ஒரு பாலமுகப்பு இருந்தால்தான் கோப்லென்ஸ் பாதுகாப்பு என்று சொல்லுங்கள். கொலோனும் கேட்டது பிரான்ஸ், பிரிட்டன் தரவில்லை. நீங்களும் கேளுங்கள், கிடைக்காது, ஆனால் பேரத்தில் விட்டுக்கொடுக்க ஒரு பொருள் வேண்டுமே.

தெற்கே லின்டாவ் மாவட்டத்தை மறக்கவே மறக்காதீர்கள். பவேரியாவின் ஒரு துண்டு, கான்ஸ்டன்ஸ் ஏரிக் கரை. அது இருந்தால்தான் ஜெர்மனியில் உள்ள உங்கள் மண்டலத்திலிருந்து ஆஸ்திரியாவில் உள்ள உங்கள் மண்டலத்துக்கு (ஃபோரார்ல்பெர்க், டிரோல்) சொந்த வழியில் போக முடியும். டிரோலில் முதலில் இருந்தது அமெரிக்கப் படை, ஜூலையில் மாற்றிக்கொடுத்தது.

பெர்லினில் ஸ்டாலின் யால்டா நிபந்தனையையே திரும்பப் படித்தார், என் பக்கத்திலிருந்து எதுவும் வராது என்று. கடைசியில் பிரிட்டன் தன் பகுதியிலிருந்து வெட்டிங், ரைனிக்கன்டார்ஃப் இரண்டையும் கொடுத்தது. ஆகஸ்ட் 12இல் பிரான்ஸ் பொறுப்பேற்றது. நகரத்தின் வடக்குப் பக்கம், தொழிற்சாலை, கூலித் தொழிலாளர் குடியிருப்பு, செங்கொடிக்குப் பேர்போன பேட்டை. நம்ம தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் சேர்ந்து ஒரு ஆளுக்குப் போன மாதிரி. பங்களா வீதிகள் எல்லாம் மற்றவர்களுக்கு.

மண்டல எல்லை கையெழுத்தானது 1945 ஜூலை 26. உங்கள் கடைசிச் சுற்று. கவுன்சில் நாற்காலிக்கான திருத்தம் அதற்கு முன்பே, மே 1இல் கையெழுத்தாகிவிட்டது.

எண்ணூர்_முகத்துவாரம்:

நல்ல இழை. ஆனால் ரெண்டு பேரும் பிரான்ஸ் ஜெயித்த கதையாகவே சொல்கிறீர்கள். வாங்கிய பங்கை வைத்து அது என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டாமா? பலவீனமான கூட்டாளியைத் திரும்ப மேஜையில் உட்கார வைக்கும்போது வரும் கோளாறுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கட்டுப்பாட்டுக் கவுன்சிலில் எல்லா முடிவும் நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான். ஒவ்வொரு மாதமும் 10, 20, 30 தேதிகளில் கூடும், தலைமை மாதம் ஒருவருக்கு. பிரான்ஸுக்கு நாற்காலி கொடுத்தார்கள் என்றால் வீட்டோவும் கொடுத்தார்கள் என்று பொருள். அப்படிக் கொடுத்துவிட்டு, அந்தக் கவுன்சில் எதை நிறைவேற்ற வேண்டும் என்று தீர்மானித்த போட்ஸ்டாம் மாநாட்டுக்கு (ஜூலை 17 – ஆகஸ்ட் 2) பிரான்ஸைக் கூப்பிடவில்லை. என்ன ஆகும்? ஆகஸ்ட் 7இல் பிரான்ஸ் கடிதங்கள் எழுதியது: பலவற்றை ஏற்கிறோம், மத்திய ஜெர்மன் நிர்வாகத் துறைகள் அமைப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை. போக்குவரத்து, நிதி, தொழில் போன்றவற்றுக்கு ஜெர்மனி முழுவதற்கும் பொதுவான துறைகள் என்று போட்ஸ்டாமில் எழுதியிருந்தார்கள். ரூர், ரைன்லாந்து, சார் மூன்றின் நிலை தீராமல் அதற்குச் சம்மதிக்கமாட்டோம் என்று பிரான்ஸ் இலையுதிர் காலம் முழுக்கத் தடுத்தது. முதலில் கவுன்சிலை முடக்கியது சோவியத் இல்லை, பிரான்ஸ்! அமெரிக்க மண்டல நிர்வாகத்தில் இருந்த ஜெனரல் கிளேக்கு இதில் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

பிரான்ஸ் டீம் இதைத் தந்திரமாகப் பயன்படுத்தலாம். மற்ற மூன்று டீமில் உட்காருபவர்கள் கற்க வேண்டியது வேறு: நாற்காலியைக் கொடுப்பதற்கு முன், அந்த நாற்காலி எந்த முடிவுகளுக்குக் கட்டுப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் மாநாட்டுக்கே கூப்பிடுங்கள். இரண்டும் செய்யாமல் வீட்டோ மட்டும் கொடுப்பது வினை.

அடுத்து சோறு. மண்டலத்தில் சுமார் 60 லட்சம் மக்கள். காடு, திராட்சைத் தோட்டம், சிறு விவசாயம், தானியம் பற்றாக்குறை. பிரான்ஸே ரேஷனில் இருந்தது, அமெரிக்கா தன் மண்டலத்துக்குக் கப்பலில் கொண்டுவந்த மாதிரி இதனால் முடியாது. படையும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பங்களும் மண்டலத்திலேயே சாப்பிட்டார்கள். போதாக்குறைக்கு இயந்திரமும் மரமும் பிரான்ஸுக்குப் போயின. கருங்காட்டில் மலைச்சரிவுகளையே மொட்டையடித்து வெட்டினார்கள், அந்த வெட்டுகளுக்கு ஜெர்மன் மக்கள் பிரெஞ்சுக்காரன் பேரையே வைத்தார்கள். வறிய கூட்டாளியிடம் மண்டலம் கொடுத்தால் அது மண்டலத்திலிருந்தே பிழைக்கும், சட்டம் போட்டுத் தடுக்க முடியாது. தடுக்க ஒரே வழி, உணவு இறக்குமதிச் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே எழுதுவது. 1945இல் யாரும் எழுதவில்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி, பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு நிர்வாகம் காட்டிய அக்கறை மற்ற மண்டலங்களில் அபூர்வம். மைன்ஸ் பல்கலைக்கழகம் 1946 மே மாதம் திரும்பத் திறந்தது அவர்கள் முயற்சியில்தான்.

பெரம்பூர்_சரக்கு:

எண்ணூராரே, வீட்டோ விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கை 1946இல் முடித்துவிடாதீர்கள். சோவியத் மேற்கு பெர்லினுக்கு வழியை அடைத்த பெர்லின் முற்றுகையின்போது (1948–49) டெகல் விமான நிலையம் கட்டப்பட்டது அந்தத் தொழிலாளர் பேட்டைப் பகுதியில்தான். சுமார் மூன்று மாதத்தில், 2,400 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓடுபாதை. இடிபாட்டுக் கல்லை அடித்தளமாகப் போட்டு ஆயிரக்கணக்கான பெர்லின்வாசிகள், அவர்களில் ஏராளமான பெண்கள், வேலை செய்தார்கள். பிரான்ஸிடம் அனுப்ப விமானம் அதிகம் இல்லை, இந்தோசீனாவில் மாட்டிக்கொண்டிருந்தது. இடம் இருந்தது, கொடுத்தது. ஓடுபாதைக்கு இடைஞ்சலாக சோவியத் கட்டுப்பாட்டு வானொலியின் கோபுரம் நின்றது. டிசம்பர் 16இல் பிரெஞ்சுத் தளபதி கனெவால் அதை வெடிவைத்துச் சாய்த்தார். 1949 ஏப்ரலில் மூன்று மேற்கு மண்டலங்களும் ஒன்றாகும் உடன்பாட்டுக்கும் பிரான்ஸ் வந்துசேர்ந்தது.

கொருக்குப்பேட்டை_கேள்வி:

ஜெர்மனியையே பேசிட்டிருக்கீங்க. அதே வருஷம், அதே பிரான்ஸ், ஆசியால என்ன பண்ணுச்சு? அங்க நம்ம ஆளுங்க சம்பந்தப்பட்டிருக்காங்க.

போட்ஸ்டாமில் இந்தோசீனாவை 16வது அட்சக்கோட்டில் வெட்டினார்கள். வடக்கே ஜப்பானியரிடம் சரணாகதி வாங்குவது சீனா, தெற்கே பிரிட்டன். பிரான்ஸுக்கு அங்கே படையே இல்லை, மார்ச் மாதமே ஜப்பானியர் பிரெஞ்சு நிர்வாகத்தைக் கலைத்துச் சிறையில் போட்டிருந்தார்கள். தெற்கே பிரிட்டன் அனுப்பியது 20வது இந்திய டிவிஷன், தளபதி கிரேசி. செப்டம்பர் 13இல் அவர் சைகோனில் இறங்கினார். உத்தரவு ஜப்பானியரை நிராயுதபாணி ஆக்குவது. நடந்தது வேறு. சிறையிலிருந்த பிரெஞ்சு வீரர்களை விடுவித்து ஆயுதம் கொடுத்தார். செப்டம்பர் 23இல் அவர்கள் அரசுக் கட்டடங்களைப் பிடித்தார்கள், நகரம் பற்றி எரிந்தது. ஆள் போதாமல், நிராயுதபாணி ஆக்க வேண்டிய ஜப்பானியரையே காவலுக்கும் சண்டைக்கும் பயன்படுத்தினார்கள். பிரெஞ்சுத் தளபதி லக்லெர்க் அக்டோபரில்தான் வந்து சேர்ந்தார். 1946 ஜனவரி கடைசியில் கிரேசி பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பிரான்ஸின் பேரரசைத் திரும்ப நட இந்திய சிப்பாய் ஏன் சாக வேண்டும் என்று நேருவும் காங்கிரஸும் அப்போதே கண்டித்தார்கள்.

வடக்கே சீனப் படையை வெளியேற்ற பிரான்ஸ் விலை கொடுத்தது. 1946 பிப்ரவரி 28 ஒப்பந்தத்தில் ஷாங்காய் உள்ளிட்ட சீன நகரங்களில் தனக்கிருந்த தனி உரிமைகளை விட்டது.

ஜெர்மனியில் தோற்ற நாட்டின் மண், மூன்று வல்லரசு ஒத்துக்கொண்டால் போதும். வியட்நாமில் செப்டம்பர் 2இலேயே ஹோ சி மின் விடுதலை அறிவித்துவிட்டார், மக்கள் தெருவில் நின்றார்கள். அவர்களைக் கேட்காமல் கூட்டாளியைத் திரும்ப உட்கார வைத்ததன் பலன் அந்த வருஷ டிசம்பரிலேயே... இல்லை, 1946 டிசம்பரில் முழுப் போராக வெடித்தது. "கூட்டாளிக்கு மரியாதை" என்ற ஒரே வாதம் ரெண்டு இடத்துக்கும் பொருந்தும்னு யாராவது உங்க மாநாட்டுல சொன்னா, விடாதீங்க.

வண்ணை_வரலாறு:

20வது இந்திய டிவிஷன் விஷயம் சத்தியமா தெரியாது அண்ணா. எங்க ஆட்டம் ஐரோப்பா மட்டும்தான், ஆனா இது அடுத்த கூட்டத்துக்கு ஆகும்.

கடைசியா ஒண்ணு. முதல் சுற்று 1944 நவம்பர். அந்த ஒரு பக்கத்துல என்னென்ன இருக்கணும்? டி கோல் பேச்சு மாதிரி வீராவேசமா எழுதலாம்னு டீம்ல பாதிப் பேர் சொல்றாங்க.

மணலி_மேப்:

வீராவேசம் பாரிஸ் கூட்டத்துக்கு. லண்டன் மேஜையில் மாசிக்லி மாதிரி எழுதுங்கள். அவர் தொழில்முறைத் தூதர், சத்தம் போடமாட்டார்.

நவம்பர் தாளில் நிலம் கேட்கவே வேண்டாம். குழுவில் முழு உறுப்பினர் உரிமை, ஏற்கெனவே கையெழுத்தான இரண்டு நெறிமுறைகளின் நகல், அவற்றைத் திருத்தக் கோரும் உரிமை. இவ்வளவுதான், அரைப் பக்கம். டிசம்பரில் மாஸ்கோ. டி கோல் நிஜமாகவே போனார், 10ஆம் தேதி சோவியத்துடன் உடன்படிக்கை போட்டார். ரைன் எல்லை பற்றி ஸ்டாலின் எதுவும் தரவில்லை. பதிலுக்கு சோவியத் ஆதரவு பெற்ற லூப்ளின் போலந்துக் குழுவை அங்கீகரிக்கச் சொன்னார், டி கோல் அங்கே ஒரு பிரதிநிதியை அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டார். உங்கள் சோவியத் டீமும் இதே விலையைக் கேட்கும், அதே அளவோடு நில்லுங்கள்.

ஜனவரியில் படைக் கணக்கு, பெரம்பூரார் சொன்னபடி எட்டு டிவிஷன், பின்னணிப் பிரிவின் குறையோடு சேர்த்து. பிப்ரவரி யால்டா, நீங்கள் அறையில் இருக்கமாட்டீர்கள். அதற்கு முன் பிரிட்டன் டீமிடம் உங்கள் வாதத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்காக அவர்கள்தான் பேச வேண்டும். மார்ச்சிலிருந்து வரைபடம். கொலோன், முழு பாடன் இரண்டையும் மேலே எழுதி, லின்டாவைக் கீழே சின்ன எழுத்தில் போடுங்கள்.

மாவட்ட எல்லைகள் தெரியும் 1937 ஜெர்மனி வரைபடத்தை ஏ3யில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். ஆலோசனைக் குழு எல்லை வரைந்தது 1937 டிசம்பர் 31 நிலவரப்படி. இன்றைய மாநில வரைபடத்தை வைத்தால் பாடன்-வூர்ட்டம்பெர்க் ஒரே மாநிலமாகத் தெரியும், அது 1952இல் வந்தது. பூகோளப் புலி முதலில் அங்கேதான் கை வைப்பான்.